சிலிண்டரை எங்கே வார்ப்பது, எப்படிக் குடைவது? (கும்பகோணத்துக் கொல்லைப் பட்டறையிலிருந்து)

மன்னார்குடி வாசகரின் கேள்வி

மாதிரி நீராவி இன்ஜின் ஒன்றைச் சொந்தக் கையால் செய்ய ஆசை. வார்ப்புகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், சுழலும் கத்தியால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷின் இல்லாமல் தொடவே கூடாது என்கிறார்கள். நம் டெல்டாவில் நெல்லும் வாழையும் விளையும். இதற்கெல்லாம் இங்கே வழி கிடையாது, கோயம்புத்தூர் போனால்தான் ஆகும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர் உண்டா?

மார்ச் 9, காலை

நான் மறுக்கிறேன்.

கும்பகோணத்தில் அரசலாற்றுப் பக்கம் என் வீடு. கொல்லையில் பத்துக்குப் பன்னிரண்டடி ஓட்டுக் கொட்டகை. நாலரை அடி லேத் ஒன்று, பலர் கை மாறி வந்தது. துளை போடும் மெஷின், வைஸ், சாணைக்கல். மில்லிங் மெஷின் கிடையாது. இந்தக் கொட்டகைக்குள்தான் ஒற்றைச் சிலிண்டர் கிடைமட்ட இன்ஜின் ஒன்றை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். சிலிண்டர் துளை 20 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஒரு பக்கம் ஓடும் தூரம்) 20 மி.மீ. பழைய அளவில் சொன்னால் ஏறக்குறைய ஆறு நூல். இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் நிறுவனம் விற்கும் 10வி என்ற சிறிய இன்ஜினும் முக்கால் அங்குலத் துளை, முக்கால் அங்குல ஸ்ட்ரோக்தான். முதல் இன்ஜினுக்கு இதைவிடச் சிறிதாகப் போகாதீர்கள். நீராவிப் பாதைகள் ஊசித்துளை ஆகிவிடும்.

வார்ப்புக்கு எங்கும் போக வேண்டாம். சுவாமிமலை எனக்கு ஏழு கிலோமீட்டர். ஆயிரம் ஆண்டுக் கைப்பழக்கம் உள்ள ஊர். சிலை வார்க்கும் உலோகமே சிலிண்டருக்கும் போதும்.

மார்ச் 9, இரவு

"இங்கே வழி கிடையாது" என்ற சொல் பகல் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

தென்னிந்தியாவின் இரண்டாவது பெரிய ரயில் முயற்சி தொடங்கியதே நாகப்பட்டினத்தில்தான். 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி ஓடியது. அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரை போனது. நீராவி இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் பட்டறை நாகையில் இருந்தது. 1928 வாக்கில் அது திருச்சியில் உள்ள பொன்மலைக்குப் போயிற்று. அந்தப் பொன்மலைதான் நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டில் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து கொடுத்தது. சிலிண்டர் குடைவதும் பாய்லர் கட்டுவதும் காவிரிக் கரையில் அறியாத தொழிலாக என்றுமே இருந்ததில்லை. உங்கள் மன்னார்குடியில் பழைய அரிசி ஆலை எதற்காவது போய், செங்கல் புகைபோக்கி எதற்கென்று கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 16

ஸ்தபதி ஒருவரின் பட்டறைக்குப் போய்வந்தேன். மரத்தில் செய்த மாதிரியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நடுவில் துளை வேண்டும் என்கிறீர்கள். உள்ளே மண் கட்டை வைத்து ஊற்றினால், உலோகம் பாயும்போது கட்டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. கெட்டியாக ஊற்றித் தருகிறேன். துளையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்."

இவ்வளவு சிறிய சிலிண்டருக்கு அதுதான் சரி. கெட்டியாக வார்த்தால் உலோகத்தின் நடுவில் சேரும் நுண்துளைகளும் குடையும்போது போய்விடும். ஆனால் ஊற்றுவாயைத் தடித்த பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் உறையும் இடத்துக்கு மேலிருந்து உலோகம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அளவுகள்: வெண்கல வகைகள் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு போலச் சுருங்கும். 40 மி.மீ. வேண்டுமானால் மாதிரியில் 40.6. அதற்கு மேல், கடைசல் ஆகும் ஒவ்வொரு முகத்திலும் 2 மி.மீ. கூடுதலாக விட்டேன்.

பிறகு மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. விரலில் ஒட்டாமல் கத்திக்கு மட்டும் இணங்கும். என் மர மாதிரியைப் பார்த்து அரை மணி நேரத்தில் மெழுகில் செய்துவிட்டார். அதன்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், உமிக்கரியோடு அரைத்துச் சந்தனம் போலக் குழைத்தது. தூரிகையால் அவர் அதைத் தடவிய விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெழுகில் என் கட்டை விரல் ரேகை ஒன்று தெரியாமல் பதிந்திருந்தது. வார்ப்பு வந்தபோது அந்த ரேகை வரி வரியாக உலோகத்தில் இருந்தது. அத்தனை மென்மையான மண்.

மார்ச் 23

மார்ச் 9 காலைக் குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். சிலை உலோகம் சிலிண்டருக்கு ஆகாது.

வார்ப்பு பிழையில்லாமல் வந்தது. லேத்தின் சக்கில் (துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடி) மாட்டி முகம் தட்ட, அதாவது முனையைக் கடைந்து சமமாக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. கத்தி வெட்டவில்லை, இழுத்தது. வந்த சுருள் தடித்து, கத்தி நுனியில் அப்பிக்கொண்டு, முகத்தைக் கீறிக்கொண்டே போயிற்று. கத்தியைத் தீட்டினேன், வேகத்தைக் கூட்டினேன், மண்ணெண்ணெய் விட்டேன். முகம் பசு மாட்டின் நாக்கைப் போலச் சொரசொரப்பாகவே நின்றது.

காரணம் எளியது. சிலைக் கலவையில் பெரும்பகுதி செம்பு. செம்பு கூடினால் உலோகம் உளிக்கு இணங்கும்; நகமும் இமையும் செதுக்க ஸ்தபதிக்கு அந்த இணக்கம் வேண்டும். லேத் கத்திக்கு அதே குணம் பகை. வார்த்தவர் மேல் குற்றமில்லை. எந்த உலோகம் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 24

சிலிண்டருக்கு வேண்டியது கன்மெட்டல் என்ற வெண்கல வகை. நூற்றில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. அல்லது 85 செம்போடு வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் ஒவ்வொன்றும் 5 சேர்ந்தது. காரீயம் இருப்பதால் கடைசலுக்கு இன்னும் எளிது. காயலான் கடையில் பழைய வால்வு உடல்கள், பம்ப் புஷ்கள் (துளைக்குள் பொருத்தும் உருளை வளையங்கள்) கிடைக்கும். ஒரு வால்வை அரத்தால் சுரண்டிப் பாருங்கள்: வெளிர் மஞ்சள் என்றால் பித்தளை, செம்மை கலந்த மஞ்சள் என்றால் கன்மெட்டல். மணி வார்க்கும் வெண்கலத்தை எடுத்துவிடாதீர்கள். அதில் வெள்ளீயம் மிக அதிகம், கண்ணாடி போல உடையும்.

இரண்டு கிலோ பழைய வால்வைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே மண், அதே கை. இரண்டாவது வார்ப்பு கத்தி பட்டதும் பொரியாகப் பொரிந்து விழுந்தது.

ஏப்ரல் 6

குடைவது. இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இன்ஜினின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நாலு ஜா சக்கில் சிலிண்டரை மாட்டி, 16 மி.மீ. வரை டிரில் போட்டு, போரிங் பார் (நுனியில் கத்தி பூட்டிய தண்டு) வைத்துக் குடைந்தேன். எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலை. துளையின் நீளம் 36. பார் அதைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டிலிருந்து 50 மி.மீ. வெளியே நீண்டிருந்தது. முடித்து அளந்தேன்: வாயில் 20.00, அடியில் 19.96.

நூறில் நான்கு பங்கு மில்லிமீட்டர். தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. ஆனால் பிஸ்டன் வாயில் சரியாக நுழைந்து அடியில் இறுகும். அடிக்குச் சரியாகச் செய்தால் வாயில் நீராவி ஒழுகும்.

ஒரு முனையில் மட்டும் பிடித்த பார், கத்தி வெட்டும்போது வளைகிறது. துளைக்குள் போகப்போக எவ்வளவு வளையும் என்பது கத்தியின் கூர்மை, வெட்டின் ஆழம், உலோகத்தின் மனநிலை எல்லாவற்றையும் பொறுத்தது. அளவை மாற்றாமல் அதே இடத்தில் மூன்று நான்கு முறை விட்டால் பெரும்பகுதி சரியாகும். எனக்கு 19.98 வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

இதே சிக்கல்தான் ஜேம்ஸ் வாட்டையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தது. 1769இல் காப்புரிமை வாங்கிவிட்டார், கருத்தில் பிழையில்லை. ஆனால் வட்டமான சிலிண்டர் கிடைக்கவில்லை. இரும்பு வார்ப்புக்காரர் ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் பாரை இரண்டு முனையிலும் தாங்கிக் குடையும் மெஷினைக் கட்டிய பிறகுதான் வாட்டின் இன்ஜின் ஓடியது. பாரின் மறுமுனைக்கு ஒரு பிடி. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 13

செய்துவிட்டேன். வேலை வரிசை:

14 மி.மீ. விட்டத்தில் உருக்குத் தண்டு ஒன்றை இரண்டு முனையிலும் சென்டர் துளை போட்டு எடுத்துக்கொண்டேன். நடுவில் குறுக்காக ஒரு துளை. அதில் 5 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) கத்தித் துண்டு, பக்கத்தில் ஒரு சிறு திருகு அதை இறுக்கிப் பிடிக்கும். தண்டு லேத்தின் இரண்டு சென்டருக்கும், அதாவது இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளுக்கும் நடுவில் சுழலும். சிலிண்டர் சுழலாது. வழக்கமாகக் கத்தியைச் சுமந்து குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடின் மேல், அடியில் தகடு கொடுத்துச் சென்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அதைத் தாங்கி லேத்தின் நீளவாக்கில் ஓடும் சேடில் நகரும்போது சிலிண்டரே கத்தியை நோக்கி வருகிறது.

அழகு எங்கே என்றால், கத்தி தண்டின் ஒரே இடத்தில் நிற்கிறது. தண்டு வளைந்தாலும் துளையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவுதான் வளையும். ஆகவே துளை நேராக வந்தே தீரும். துளையின் அச்சும் சேடில் நகரும் பாதையும் ஒன்றாகிவிடுகின்றன.

கத்தியை வெளியே தள்ளுவதுதான் பொறுமை வேண்டிய வேலை. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, தண்டின் மறுபக்கத்திலிருந்து கத்தி நுனி வரை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். 16.00 காட்டினால் துளை 20.00.

முடிவு: இரண்டு முனையிலும் 20.02. நடுவிலும் 20.02. நூறில் இரண்டு கூடியது பற்றிக் கவலையில்லை. பிஸ்டனை அதற்கேற்பக் கடைந்தால் போயிற்று. இரு முனையும் ஒன்றாக இருப்பதுதான் வேண்டும். இரவு பத்து மணிக்கு அளந்தேன். நம்பிக்கை வராமல், காலையில் உலோகம் ஆறிய பிறகு மறுபடி அளந்தேன். அதே அளவு.

ஏப்ரல் 15

வில்கின்சன் மெஷினும் என் ஏற்பாடும் ஒன்றே என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் 6, 13 குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் அப்படித் தோன்றும். அவருடைய மெஷினில் சிலிண்டர் அசையாது. இரு முனையும் தாங்கிய தண்டு சுழல, வெட்டும் தலை அந்தத் தண்டின் மேலேயே ஊர்ந்து போகும். கத்தி தண்டின் நடுவுக்கு வரும்போது வளைவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அவருடைய தண்டு தடிப்பானது, தாங்கியது. நம் ஏற்பாட்டில் கத்தி நிற்க, சிலிண்டர் நகர்கிறது. இரு முனைப் பிடி மட்டுமே பொது.

ஏப்ரல் 27

மில்லிங் மெஷின் இல்லாமல் முகங்களை எப்படி நேராக எடுப்பது என்று பட்டுக்கோட்டையிலிருந்து கேட்கிறார்கள். அது துளையிலிருந்தே பிறக்கும். துளையை முதலில் முடியுங்கள். அதன்பின் எல்லா முகத்தையும் துளையை வைத்தே எடுங்கள். வார்ப்பின் வெளிப்பக்கத்தை நம்பி எதையும் அளக்காதீர்கள்.

சக்கில் ஒரு தண்டைப் பிடித்து, சிலிண்டர் கையால் முக்கால் தூரம் நுழைந்து பிறகு இறுகும்படி மிக மெல்லிய சரிவோடு கடைந்தேன். இதுதான் மேன்ட்ரல். சக்கிலிருந்து அதைக் கழற்றவே கூடாது. சிலிண்டரை அதில் தள்ளி ஒரு முனையின் முகத்தைத் தட்டினேன்; திருப்பிப் போட்டு மறு முனை. இரண்டு முகமும் துளைக்குச் செங்குத்தாக நின்றன.

வால்வு உட்காரும் முகத்துக்கு, ஃபேஸ் பிளேட்டில் (சக்குக்குப் பதிலாக லேத்தில் மாட்டிச் சுழலும் வட்டத் தகடு) எல் வடிவக் கோணத் தகட்டைப் பூட்டி, சிலிண்டரின் தட்டிய முனையை அதன்மேல் உட்கார்த்தி, துளை வழியாக ஒரு போல்ட் விட்டு இறுக்கினேன். எதிர்ப்பக்கம் எடைக்கு ஈடாக ஒரு இரும்புத் துண்டு. மெதுவான வேகத்தில் முகம் தட்டினால், அந்த முகம் துளைக்கு இணையாக வருகிறது. கடைசியாக, தடித்த கண்ணாடியின் மேல் 600ஆம் எண் எமரித் தாளை விரித்து, மண்ணெண்ணெய் தெளித்து, எட்டு வடிவில் தேய்த்தேன். முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம் ஆகும்வரை.

அந்த முகத்தில் நீராவி போய்வரும் வாய்கள் 2 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம். வரிசையாகத் துளை போட்டு, நடுச் சுவர்களை உளியால் எடுத்தேன். உளி சுவாமிமலையில் சிலைக்கு நகை வேலை செய்யும் உளி. ஸ்தபதி தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

மே 11

டிரில் உடைந்துவிட்டது.

சிலிண்டர் முனையிலிருந்து நீராவி வாய்க்குப் போகும் சரிவுப் பாதை. 2 மி.மீ. டிரில், 14 மி.மீ. ஆழம். பிசிறை வெளியே எடுக்காமல் ஒரு முறை கூடுதலாக அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம். பாதிப் பாதையில் உருக்குத் துண்டு இறுகிக் கிடக்கிறது. இரண்டு மாத வேலை முழுவதும் அந்தத் துண்டுக்கு அடியில்.

ஊசியால் கிளறினேன், தலைகீழாகத் தட்டினேன், சூடு காட்டினேன். அசையவில்லை.

மே 12

பெரிய கடைத் தெருப் பக்கம் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர். சிலிண்டரைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "படிகாரம் போடுங்கள்" என்றார்.

கடிகாரத்தின் பித்தளைத் தகட்டில் உருக்குத் திருகு உடைந்து நின்றால் அவர்கள் செய்வது அதுதானாம். படிகாரக் கரைசல் இரும்பைத் தின்னும், செம்புக் கலவையைத் தொடாது.

நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ படிகாரம். பழைய ஊறுகாய் பாட்டிலில் வெந்நீர் விட்டு, இனிக் கரையாது என்னும்வரை கரைத்தேன். சிலிண்டரை அதில் இறக்கி, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அந்தச் சிறு துளையிலிருந்து மட்டும் கடுகை விடச் சிறிய குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கின. சிலிண்டரின் வேறு எந்தப் பகுதியிலும் ஒரு குமிழ் கூட இல்லை. அரை மணி நேரம் கொட்டகையில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 16

நான்கு நாள். நாளுக்கு இரண்டு முறை கரைசலை மாற்றிச் சூடேற்றினேன். சாதாரண உருக்காக இருந்தால் ஒரு நாளில் கரைந்திருக்கும், எச்.எஸ்.எஸ்.ஸில் டங்ஸ்டன் முதலியவை கலந்திருப்பதால் மெதுவாகப் போகிறது. கறுப்புச் சேறு போல வந்தது. இன்று காலை ஊசியால் தொட்டேன்; மீதித் துண்டு தானாக உருண்டு வெளியே விழுந்தது. சிலிண்டரில் நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

இரும்புச் சிலிண்டர் செய்பவர்கள் இதைச் செய்துவிட வேண்டாம். சிலிண்டரே கரைந்துபோகும்.

மே 18

திருவையாற்று வாசகருக்குக் கட்டை விரலில் நான்கு தையலாம். பித்தளையில் துளை போடும்போது டிரில் கவ்விப் பிடித்து, வேலைத் துண்டு கையிலிருந்து பிடுங்கிச் சுழன்றிருக்கிறது. இரும்புக்கு வைத்திருக்கும் டிரிலைப் பித்தளைக்குப் போட்டால் இதுதான் நடக்கும். டிரிலின் வெட்டு விளிம்பு முன்னோக்கிச் சரிந்திருப்பதால் மரத்திருகு போல உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறு எண்ணெய்க் கல்லால் இரண்டு விளிம்பிலும் அந்தச் சரிவை நேராக்கிவிடுங்கள். அரை மில்லிமீட்டர் அகலம் போதும். லேத் கத்திக்கும் அப்படியே, மேல்முகம் தட்டையாக இருக்கட்டும். துண்டை எப்போதும் வைஸில் பிடியுங்கள். எவ்வளவு சிறிய துண்டானாலும் சரி.

ஜூன் 1

இன்ஜினின் கனத்த சுழல்சக்கரமான பிளைவீல் வார்ப்பிரும்பு. பம்ப்செட் உதிரிகள் வார்க்கும் ஓர் இடத்தில் செய்து வாங்கினேன். விளிம்பின் ஒரு பக்கம் கத்தி வெண்ணெயாக இறங்குகிறது. மறுபக்கம் வந்ததும் கிரீச்சென்று கத்தி முனை போய்விடுகிறது. மெல்லிய இடம் மண்ணில் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாக இறுகியிருக்கிறது.

கார்பைடு என்ற மிகக் கடினமான கத்தியை வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தெருக்கோடிக் கொல்லர் உலையில் வைத்துச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தோம். பிறகு ஆலையிலிருந்து கொண்டுவந்து குவித்து, ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த உமிக் குவியலுக்கு நடுவில் புதைத்தோம். உமி எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும், சூட்டை விடாது. மறுநாள் பிற்பகல் தோண்டி எடுத்தபோதும் கை வைக்க முடியவில்லை. விளிம்பு முழுவதும் ஒரே மாதிரிக் கத்திக்கு இணங்கியது.

ஜூன் 15

பாய்லர். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

செம்புக் குழாய், இரு முனையிலும் செம்புத் தகடு, எல்லா இணைப்பும் வெள்ளிப் பற்றாசு. ஈயப் பற்று வைக்காதீர்கள். மூன்று கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் நீராவியின் சூடு 140 டிகிரியைத் தாண்டும். சாதாரண ஈயப் பற்று 183இல் இளகத் தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்னரே வலுவிழக்கும். தண்ணீர் குறைந்து வெறும் செம்பில் தீ பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். திருகு புஷ்களைப் பித்தளையில் போட வேண்டாம். சூட்டு நீரில் துத்தநாகம் கழன்று பித்தளை உளுத்துப்போகும். கன்மெட்டல் மிச்சம் இருக்கிறது அல்லவா, அதில் செய்யுங்கள்.

நாட்டின் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்ததைக் கண்டுகொள்வதில்லை. என்னுடையது முக்கால் லிட்டர். எந்த அதிகாரியும் வந்து பார்க்கமாட்டார் என்பதாலேயே சோதனை நம் கடமையாகிறது. வேலை அழுத்தம் மூன்று கிலோ என்றால் ஆறு கிலோவுக்குத் தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் அழுத்த வேண்டும். காற்றால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய பாய்லர் பிளந்தால் ஒரு பீச்சலோடு நிற்கும். அடைத்த காற்று குண்டாகும். முதல் சோதனையில் ஒரு புஷ் ஓரம் முத்து முத்தாக வியர்த்தது. வெண்காரம் போட்டு மறுபடி பற்றவைத்தேன். இரண்டாவது முறை ஆறு கிலோவில் அரை மணி நேரம் முள் அசையவில்லை.

ஜூன் 22

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டகையில் காலை முதல் தவளைச் சத்தம்.

உமியால் இந்தப் பாய்லரை எரிக்க முடியுமா என்று கேட்டவருக்கு: நானும் அதைத்தான் விரும்பினேன். என் தாத்தா அரிசி ஆலை ஒன்றில் நீராவி இன்ஜின் ஓட்டியவர். ஆலையின் உமியே ஆலையை ஓட்டியது. படிப்படியாக அமைந்த சரிந்த தட்டில் மேலிருந்து உமி இறங்கிக்கொண்டே எரியும். எனக்கு ஐந்து வயதில் அந்த இன்ஜின் நின்றுவிட்டது. பிளைவீல் என் தலைக்கு மேல் உயரம், பெல்ட்டின் "சளக் சளக்" சத்தம், தாத்தாவின் வேட்டியில் எண்ணெய் வாசனை. இவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. நான் இந்த வேலையில் இறங்கியதும் இதற்காகத்தான்.

ஆனால் சிறிய அடுப்பில் உமி ஆகவில்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் மணல் போன்ற சாம்பல். பத்து நிமிடத்தில் காற்றுவழி அடைத்துக்கொண்டது. கேஸ் பர்னருக்கு மாறிவிட்டேன்.

ஜூன் 29

பாய்லரோடு சேர்ப்பதற்கு முன், கம்ப்ரசர் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை. வேலை முடிந்த நீராவி வெளியேறும் குழாயில் "உஸ்ஸ்" என்று ஒரே காற்று. பிஸ்டன் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, மாலை முழுவதும் அதைப் பிரித்தேன். பிஸ்டன் காடியில் பம்ப்செட் கிளாண்டுக்குத் திணிக்கிற கிராபைட் கயிற்றைப் பிரித்து ஒற்றை இழையாகச் சுற்றியிருந்தேன்; அதில் குறையில்லை.

பிழை வால்வில் இருந்தது. நீராவி வாய்களின் மேல் வழுக்கித் திறந்து மூடும் ஸ்லைடு வால்வை அதன் தண்டோடு நட்டு போட்டு நன்றாக இறுக்கிவிட்டிருந்தேன். இறுகிய வால்வு முகத்தைத் தொடாமல் ஒரு தாள் தடிப்பு தூக்கி நின்றது. வால்வை முகத்தோடு அழுத்திப் பிடிப்பது நீராவிதான், நட்டு அல்ல. தண்டு அதை முன்னும் பின்னும் தள்ளினால் போதும். மேலும் கீழும் அது தானாக ஆட வேண்டும். நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக், பிஸ்டன் சுழற்றும் கிராங்குக்குத் தொண்ணூறு டிகிரியும் அதற்கு மேல் கொஞ்சமும் முந்தியிருக்கும்படி திருப்பி வைத்தேன். அரைக் கிலோ காற்றில் சுழன்றது.

ஜூலை 6

நீராவியில் ஓடியது.

ஒரு கிலோ வந்ததும் வால்வைத் திறந்தேன். முதலில் தண்ணீர்தான் வந்தது. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி உடனே நீராகிவிடும். வடிகுழாயைத் திறந்து வைத்து, பிளைவீலைக் கையால் நான்கு சுற்றுச் சுற்றினேன். சிலிண்டர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்தது. ஐந்தாவது சுற்றில் பிளைவீல் என் விரலை விட்டு நழுவிப் போய்க்கொண்டே இருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். "மில்லு வாசனை அடிக்கிறது" என்றார். சூட்டு எண்ணெயும் நீராவியும் கலந்த வாசனை. நாற்பத்தேழு நிமிடம் ஓடியது. அம்மா உள்ளே போகவில்லை.

எண்ணெய்: சாதாரண மெஷின் எண்ணெயை நீராவி கழுவிக்கொண்டு போய்விடும். நீராவிச் சிலிண்டருக்கென்றே உள்ள கெட்டி எண்ணெய் வேண்டும். நீராவிக் குழாயில் விரல் அளவு ஒரு கிண்ணம் பொருத்தியிருக்கிறேன்; உள்ளே நீராவி குளிர்ந்து நீராகி அடியில் இறங்க, அந்த அளவு எண்ணெய் மேலே வழிந்து சிலிண்டருக்குப் போகிறது.

ஜூலை 9

மன்னார்குடிக்காரர் தம் சிலிண்டரைக் குடையத் தொடங்கிவிட்டார். கன்மெட்டல், கெட்டி வார்ப்பு. நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கும் ஒருவர் மண்பெட்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மன்னார்குடிக்காரர் என் ஏப்ரல் 13 குறிப்பில் ஒரு கணக்குப் பிழையைக் காட்டுகிறார், சரியாகக் காட்டுகிறார். தண்டு 14 மி.மீ. என்றால் மைக்ரோமீட்டர் 16.00 காட்டும்போது துளை 18 ஆகும், 20 ஆகாது.

தண்டை இப்போது எடுத்து அளந்தேன்: 12. அந்தக் குறிப்பில் 14 என்பதை 12 என்று படியுங்கள். மைக்ரோமீட்டர் அளவிலிருந்து தண்டின் பாதி விட்டத்தைக் கழித்து இரண்டால் பெருக்கினால் துளை: 16இல் 6 போனால் 10, துளை 20. அதோடு, 16 மி.மீ. டிரில் போட்ட துளையில் 14 மி.மீ. தண்டைவிட்டால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பிசிறு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். 14இல் ஏற்கெனவே தண்டு செய்துவிட்டவர்கள் முதலில் 17.5 வரை டிரில் போட்டுக்கொள்ளுங்கள், மைக்ரோமீட்டரில் 17.00 வரும்போது நிறுத்துங்கள்.